நொடிக்கு 340 அடி: யாருக்காக இந்த வேகம்?

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வில் கம்பெனிகள் புது மாடல்களோடு களத்தில் இறங்கிவிடும். வண்ணம் மாறும், கைப்பிடி மாறும், கப்பியின் வடிவம் மாறும். எது மாறினாலும் விளம்பரத்தில் ஓர் எண் கொட்டை எழுத்தில் நிற்கும்: நொடிக்கு 335 அடி, 340 அடி, 350 அடி. வில்லை விட்டு அம்பு கிளம்பும் வேகம் அது. நொடிக்கு 340 அடி என்றால் மணிக்கு 370 கிலோமீட்டருக்கும் மேல். போன வருடத்து வில்லைவிட ஐந்தடி கூடுதல் என்பதற்காகவே பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குகிறவர்கள் உண்டு. முன்னணி மாடல் ஒன்றின் விலை, குறிபார்க்கும் கருவியும் அம்பு தாங்கியும் சேர்க்காமலேயே, ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது.

இவ்வளவு செலவழித்து வாங்கும் வில்லோடு அவர்கள் போய் உட்காரும் இடம் பெரும்பாலும் ஒரு மரப் பரண். தரையிலிருந்து பதினைந்து, இருபது அடி உயரம். கீழே வெள்ளைவால் மான் வந்து நிற்கும் தூரம் பல நேரங்களில் இருபது கெஜம், அதாவது பதினெட்டு மீட்டர். அந்தத் தூரத்தில் 340 அடி வேகம் என்ன சாதிக்கிறது என்ற கேள்வி அமெரிக்க வில்வேட்டைக்காரர்களிடையே தலைமுறை தாண்டிய சண்டை. ‘வேகம்தான் எல்லாம்’ என்று ஒரு கட்சி. ‘கனமான அம்பு, அமைதியான வில் போதும்’ என்று எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் சண்டையின் பாதி அடங்கிவிடும்.

தமிழ் வாசகருக்கு முதலில் ஒரு விளக்கம். இந்தியாவில் 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை படிப்படியாக முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. இங்கே ‘காம்பவுண்ட்’ வில் என்றால் நினைவுக்கு வருவது விளையாட்டு மைதானம்தான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியா அள்ளிக்கொண்டு வந்தது. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேவும் கையில் பிடித்திருந்த அதே வகை வில்தான் அமெரிக்காவில் மான் வேட்டைக்கும் போகிறது. இரு முனையிலும் கப்பிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிபோல் ஓடும் நாண்கள், முழுதாக இழுத்த பிறகு கைக்குத் தெரியும் பாரம் சட்டென்று குறைந்துவிடும் ஏற்பாடு.

அங்கே வில்வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. விஸ்கான்சின் மாநிலம் 1934-லேயே வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் அறிவித்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் வந்தன. வில்லுக்கும் அம்புக்கும் வசூலாகும் மத்திய வரி வனவிலங்கு நிர்வாகத்துக்கே திரும்பிப் போகிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் வில்லால் மானை வேட்டையாட முடியாது, ஜெர்மனியிலும் முடியாது. டென்மார்க் 1999-ல்தான் கதவைத் திறந்தது.

எண் எப்படிப் பிறக்கிறது?

விளம்பரத்தில் வரும் 340 பொய்யில்லை. ஆனால் அதை அளந்த விதம் தெரிந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சர்வதேச வில்வேட்டைக்காரர்கள் அமைப்பின் பெயரால் வழங்கும் அளவுமுறை இது: வில்லின் இழுவிசை 70 பவுண்டு, நாணை இழுக்கும் நீளம் 30 அங்குலம், அம்பின் எடை 350 கிரெயின். கிரெயின் என்பது பழைய எடை அளவு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஆக 350 கிரெயின் அம்பின் எடை 23 கிராமுக்கும் குறைவு. ஒரு பவுண்டு இழுவிசைக்கு ஐந்து கிரெயின் என்ற விகிதம். இதைவிட இலேசான அம்பை வைத்து எய்தால் வில்லே உடையும் அபாயம் உண்டு என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. அதாவது பாதுகாப்பின் விளிம்பில் நின்று அளந்த வேகம் அது.

இப்போது ஒரு சராசரி வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். அவர் கை நீளத்துக்கு இழுவை 28 அங்குலம்தான் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய பத்தடி வேகம் போய்விடும் என்பது கடைக்காரர்களின் கைக்கணக்கு. இருபது போயிற்று. 70 பவுண்டு தோளை வலிக்கிறது என்று 65-க்கு இறக்கிவைக்கிறார்; இன்னொரு எட்டோ பத்தோ போகிறது. 350 கிரெயின் அம்பை வேட்டைக்கு யாரும் விரும்புவதில்லை. அவருடைய அம்பு, கூர்முனையோடு சேர்த்து 430 கிரெயின். மூன்று கிரெயினுக்கு ஓரடி என்று வைத்தால் இருபத்தேழு குறைகிறது. நாணில் பொருத்திய சின்னச் சின்ன உதிரிகள் இன்னும் சில அடிகளைத் தின்னும். வேகமானியின் முன்னால் நிற்கும்போது அவர் பார்ப்பது 280-ஐ ஒட்டிய ஓர் எண்ணாக இருக்கும். பக்கத்து மாடலுக்கும் இதற்கும் விளம்பரத்தில் இருந்த ஐந்தடி வித்தியாசம், தைத்த குளிர்சட்டையின் கையில் நாண் உரசினாலே காணாமல் போகிற அளவு.

இழுவை 25, 26 அங்குலமாக உள்ள பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அவர்கள் 40, 45 பவுண்டு வில்லால் எய்கிறார்கள். நொடிக்கு 220 அடி வந்தாலே அதிகம். மான் அவர்களுக்கும் கிடைக்கத்தான் செய்கிறது.

வேகப் பந்தயத்தின் கதை

வேகம் இல்லாமலும் வேட்டை நடந்த காலம் தொலைவில் இல்லை. கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரில் 1911-ல் காட்டிலிருந்து தனியாக வெளிவந்தவர் இஷி. யாஹி இனத்தின் கடைசி மனிதர். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷியின் வில் சுமார் 45 பவுண்டுதான். எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கொத்தி முனை செய்வார். பாட்டில் கண்ணாடி கிடைத்தால் அதிலும் செய்வார். அவருடைய திறமையின் பெரும்பகுதி அம்பு கிளம்புவதற்கு முன்னாலேயே செலவாகிவிடும். காற்றின் திசை பார்ப்பது, ஒளிவது, விரலை உதட்டில் வைத்து அடிபட்ட முயல் போலக் கீச்சிட்டு விலங்கை அருகே வரவழைப்பது. இஷி 1916-ல் காசநோயால் இறந்துபோனார். போப் தன் நண்பர் ஆர்தர் யங்கோடு சேர்ந்து வில்வேட்டையை அமெரிக்காவில் மறுபடியும் பரப்பினார். இந்த இருவர் பெயரில்தான் 1961-ல் போப் அண்ட் யங் கிளப் தொடங்கியது. மிச்சிகனில் வில் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரெட் பேர், வளைநுனி கொண்ட ‘ரிகர்வ்’ வில்லால் அலாஸ்காவின் பெரிய பழுப்புக் கரடிகளைக்கூட வீழ்த்தினார். இந்த வகை வில்லின் வேகம் இன்றைக்கும் நொடிக்கு இருநூறு அடிக்குள்தான்.

எல்லாம் மாறியது மிசோரியில். ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் வில்லின் நுனிகளில் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். 1966-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1969 கடைசியில் கிடைத்தது. கலிபோர்னிய வில் தயாரிப்பாளர் டாம் ஜென்னிங்ஸ் இதில் எதிர்காலம் இருக்கிறது என்று உணர்ந்து தயாரிப்பில் இறங்கினார். பழைய வில்காரர்கள் ‘இது வில்லே இல்லை, யந்திரம்’ என்று முகம் சுளித்தார்கள். பத்து, பதினைந்து வருடத்தில் சந்தையே அந்த யந்திரத்தின் கைக்குப் போய்விட்டது.

வேகப் பந்தயத்துக்குத் தீ மூட்டியதில் காட்டைவிடப் போட்டி மைதானத்துக்குப் பங்கு அதிகம். எண்பதுகளில் முப்பரிமாண இலக்குப் போட்டிகள் பரவின. ரப்பர் நுரையில் செய்த மான், கரடி, பன்றி உருவங்களை மரங்களுக்கிடையே நிறுத்திவைப்பார்கள். தூரம் எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். போட்டியாளரே கண்ணால் கணிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் வேகமான அம்புக்குப் பெரிய லாபம் உண்டு. அம்பு எவ்வளவு வேகமோ அவ்வளவு தட்டையாகப் போகும். தூரக் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் இலக்குக்குள் விழும். அதனால் அம்பைக் குட்டையாக வெட்டி எடையைக் குறைத்து, அதற்கேற்ப அம்பு தாங்கியைக் கைப்பிடிக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தினார்கள். கைக்கு மிக அருகில் கூர்முனை வந்து நிற்கும் ஆபத்தான ஏற்பாடு அது. கார்பன் அம்புகள் வந்து எடையைத் தாமாகவே குறைத்ததும் வழக்கொழிந்தது. வேகம் கட்டுமீறிப் போகிறது என்று சில போட்டி அமைப்புகள் உச்சவரம்பே விதித்தன. மைதானம் கடிவாளம் போட்ட பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. அரிசோனாவின் பிஎஸ்இ கம்பெனி 2014-ல் கொண்டுவந்த ஒரு மாடலின் பெயரே ‘ஃபுல் திராட்டில்’. அறிவித்த வேகம் 370 அடி.

எதிர்த்திசையில் போனவர்களும் கெட்டுப்போகவில்லை. விஸ்கான்சினின் ஸ்பார்ட்டா ஊரில் இயங்கும் மேட் மெக்ஃபர்சனின் மேத்யூஸ் கம்பெனி 1992-ல் ஒற்றைக் கப்பி வில்லைக் கொண்டுவந்தது. சத்தமும் அதிர்வும் குறைவு, இரண்டு கப்பிகளையும் ஒத்திசைய வைக்கும் தலைவலி இல்லை என்பதுதான் அதன் முக்கிய விற்பனைச் சொல். அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள்.

முப்பது கெஜமா, முப்பத்தைந்தா?

வேகக் கட்சியின் முதல் வாதம் தூரக் கணிப்பு. அதை எண்ணில் பார்ப்பது நல்லது. மான் முப்பது கெஜத்தில் நிற்கிறது என்று நினைத்து முப்பதுக்கான குறியை வைக்கிறார் ஒருவர். உண்மையில் மான் நிற்பது முப்பத்தைந்தில். காற்றின் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 300 அடி வேக அம்பு நினைத்த இடத்துக்குச் சுமார் மூன்றரை அங்குலம் கீழே தைக்கும். 250 அடி வேகத்தில் அது ஐந்து அங்குலம். 180 அடி வேக ரிகர்வ் வில்லில் ஒன்பது அங்குலத்துக்கும் மேல்.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியை எட்டு அங்குல விட்டமுள்ள வட்டமாக வேட்டைக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். மையத்திலிருந்து நான்கு அங்குலம்தான் இடம். மூன்றரை உள்ளே; ஐந்து வெளியே. இந்த இடத்தில் வேகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தப் பிழையை அடியோடு ஒழிக்கிற பொருள் ஒன்று சட்டைப்பையில் வந்துவிட்டது. லேசர் தூரமானி. பரணில் ஏறி உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நாலு மரங்களைக் குறிவைத்து அளந்துகொண்டால் போதும். இந்த மரம் இருபது, அந்த ஓக் மரம் இருபத்தெட்டு என்று மனதில் பதிந்துவிடும். ஐம்பதடி வேகம் செய்யும் வேலையை நூற்றுச் சொச்சம் டாலர் கருவி அதைவிடச் சுத்தமாகச் செய்துவிடுகிறது. மான் கணப்பொழுதில் வந்து போகும் இடத்தில் அளக்க நேரம் கிடைக்காது என்பது உண்மை. அப்படிப்பட்ட இடத்தில் முன்பே அளந்துவைக்காதவர் வேகத்தை நம்பி எய்வதும் சரியான வேட்டையாகாது.

நாண் ஒலிக்கும் மானின் காதுக்கும் நடுவே

இரண்டாவது வாதம் சுவாரசியமானது. நாணை விட்ட சத்தம் கேட்டதும் மான் சட்டென்று பதுங்கும். அம்பைப் பார்த்து விலகுகிறது என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. பாய்ந்து ஓட வேண்டுமானால் முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்த வேண்டும். ஓட்டத்துக்கான அந்த முதல் அசைவு முடிவதற்குள் அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடுகிறது. உயரத் தைத்தால் இன்னும் மோசம். மான் காயத்தோடு போய்விடும்.

இதற்கு வேகம்தான் மருந்து என்கிறார்கள். ஒலியோ நொடிக்கு 1,100 அடியில் போகிறது. எந்த வில்லும் அதை முந்தப்போவதில்லை. நாண்கொண்டு கையால் இழுக்கும் வில்லை விடுங்கள். டென்பாயிண்ட், ராவின் போன்ற கம்பெனிகளின் குறுக்குவில்கள் நொடிக்கு 500 அடியைத் தொட்டுவிட்டன. அவையும் ஒலியின் பாதி வேகத்தைக்கூட எட்டவில்லை. எந்த அம்பும் போய்ச் சேரும் முன்னரே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மிச்சமிருக்கும் நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒலி காதில் விழுந்து பத்தில் ஒரு நொடியில் மானின் உடல் கீழே இறங்கத் தொடங்குகிறது என்று ஓர் அனுமானம் வைத்துக்கொள்வோம். காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனால் எப்படி விழுமோ, அந்த வேகத்தில் இறங்குவதாகவும் வைப்போம். இருபது கெஜத்தில் 300 அடி வேக அம்பு வந்து சேர்வதற்குள் மான் அரை அங்குலம்கூட இறங்கியிருக்காது. 250 அடி வேகம் என்றால் ஒன்றரை அங்குலம். வித்தியாசம் ஓர் அங்குலம்; யாரும் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. முப்பது கெஜத்தில் இரண்டே முக்கால் அங்குலமும் ஆறு அங்குலமும் ஆகிறது. நாற்பதுக்குப் போனால் ஏழும் பதினான்கும்.

வேகக் கட்சிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார்: ‘பார்த்தீர்களா, நாற்பதில் இரட்டிப்பு வித்தியாசம்!’ வித்தியாசம் இரட்டிப்புதான். ஆனால் வேகமான வில்லும் அங்கே ஏழு அங்குலம் தவறவிடுகிறது. எட்டு அங்குல வட்டத்தின் மையத்தைக் குறிவைத்தவருக்கு அதுவும் தப்பிய அம்புதான். வேகத்தின் பலன் தெரியத் தொடங்கும் தூரம், காதை விடைத்து நிற்கிற வெள்ளைவால் மானைப் பார்த்து எய்யவே கூடாத தூரம். எய்ய வேண்டிய தூரத்திலோ பலன் தெரிவதில்லை. வேகத்தைப் பற்றிய வாதம் முழுவதும் இந்த முரணில்தான் சிக்கிக்கிடக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதிவேகம் பெரும்பாலும் இலேசான அம்பிலிருந்துதான் வருகிறது. வில்லில் சேர்ந்த ஆற்றலை இலேசான அம்பால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. மிச்சம் வில்லின் கைகளிலும் நாணிலும் கைப்பிடியிலும் அதிர்வாகி, சத்தமாகக் காற்றில் போகிறது. கனமான அம்பு போட்டதும் அதே வில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவதை எய்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். மானைத் திடுக்கிட வைப்பது எதுவோ, அதைக் கூட்டிக்கொண்டே அதிலிருந்து தப்பிக்க வேகம் தேடுவது என்ன கணக்கு?

துளைப்பது எது?

துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூர்மையான அலகு இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுக்கிறது. இரத்த இழப்பில் விலங்கு சாய்கிறது. அலகு உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தால் இரத்தத் தடமும் கிடைக்கும், தேடிப் பிடிக்கலாம். ஆகவே அம்புக்கு வேண்டியது துளைத்துச் செல்லும் திராணி.

340 அடி வேகத்தில் 350 கிரெயின் அம்பு சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 90 அடி-பவுண்டு. அதே வில்லில் 500 கிரெயின் அம்பை வைத்தால் வேகம் 290-ஐ ஒட்டி இறங்கும். ஆற்றலோ 93-க்கு ஏறும். வேகம் ஐம்பதடி குறைந்தும் ஆற்றல் குறையவில்லை, மேலே சொன்ன மிச்சத்தைக் கனமான அம்பு வாங்கிக்கொண்டுவிட்டது. உந்தம் என்று பள்ளியில் படித்தோமே, எடையை வேகத்தால் பெருக்குவது, அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுகிறது. எலும்பில் மோதியும் நிற்காமல் முன்னேறுவதற்கு அதுதான் துணை.

அம்பு தயாரிப்பில் பழம்பெயரான ஈஸ்டன் கம்பெனியின் பட்டியல், மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு போதும் என்கிறது. எல்க் என்ற பெரிய மான், கருங்கரடி, காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கு 42 முதல் 65. ஐம்பது பவுண்டு ரிகர்வ் வில்லில் 500 கிரெயின் அம்பு 175 அடி வேகத்தில் போனாலே 34 வந்துவிடும். இன்றைய எந்த நடுத்தர காம்பவுண்ட் வில்லும் மானுக்குத் தேவையான ஆற்றலைப்போல இருமடங்கைத் தள்ளுகிறது. இல்லாத பற்றாக்குறைக்குத்தான் வேகம் விற்கப்படுகிறது.

கனத்தின் பக்கம் நின்று அதிகம் உழைத்தவர் டாக்டர் எட் ஆஷ்பி. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எண்பதுகளில் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியாவின் காட்டெருமைகள் வரை, உண்மையான விலங்குடலில் அம்புகளை எய்து துளைப்பைப் பதிவுசெய்துகொண்டே இருந்தார். அவருடைய வரிசையில் முதலிடம் அம்பின் உறுதிக்கு: வளையாத தண்டு, உடையாத முனை. அடுத்தது ஆடாமல் நேராகப் போவது. பெரிய எலும்பைப் பிளக்க வேண்டுமானால் அம்பு 650 கிரெயினுக்கு மேல் இருக்கட்டும் என்பது அவருடைய பேர்பெற்ற முடிவு. வேகம் அந்த வரிசையில் தலைகாட்டுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆஷ்பியின் சீடர்கள் இதை வேதமாக்கிக்கொண்டு வெள்ளைவால் மானுக்கும் 650 கிரெயின் தேவை என்று கிளம்பியதுதான் வேடிக்கை. காட்டெருமையின் விலாவைப் பார்த்துப் போட்ட கணக்கு மானின் விலாவுக்கு எதற்கு? அவ்வளவு கனமான அம்பு நாற்பது கெஜத்தில் பெருவளைவு போட்டு இறங்கும். தூரத்தில் ஒரு சிறு பிழைக்கும் மன்னிப்பு கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் பலர் 420-க்கும் 500-க்கும் இடையே நின்றுகொள்கிறார்கள்.

வேகம் கூடக்கூட இன்னொரு சிக்கல் வருகிறது. நிலையான அலகுகள் கொண்ட முனை, காற்றில் சிறு இறக்கைபோல நடந்துகொள்ளும். வில் கொஞ்சம் சரியில்லாமல் இருந்தாலும் அதிவேகத்தில் அம்பு பக்கவாட்டில் விலகும். பயிற்சி முனையில் நெஞ்சில் தைத்த அம்பு வேட்டை முனையில் ஆறு அங்குலம் தள்ளிப்போகும். இதைத் தவிர்க்கத்தான் பறக்கும்போது மடங்கியிருந்து, உடலில் பட்டதும் விரியும் முனைகளுக்கு மவுசு. விரிவதற்கும் கொஞ்சம் ஆற்றலை அவை எடுத்துக்கொள்கின்றன.

அந்த 18 சதவீதம்

அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமான, மேரிலாந்து மாநிலத்தின் இண்டியன் ஹெட் வளாகத்தில் 1989 முதல் 2006 வரை நடந்த வில்வேட்டையின் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே எய்யத் தகுதித் தேர்வு உண்டு. எய்தவர்கள் நவீன காம்பவுண்ட் வில்லும் குறுக்குவில்லும் வைத்திருந்தவர்கள். அப்படியும் அம்பு தைத்த மான்களில் சுமார் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை. மின்னசோட்டாவின் கேம்ப் ரிப்ளி ராணுவ முகாமில் அதற்கு முன்னர் நடந்த ஆய்வொன்றில் இந்த விகிதம் 13. கம்பெனிகள் விற்கும் வேகத்துக்கு இந்த எண்கள் எந்தச் சான்றிதழும் தரவில்லை. அம்பு எங்கே தைத்தது, தைத்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துத் தேடப் போனார்கள் என்பதெல்லாம் வேகமானியில் தெரியாத விஷயங்கள்.

அதிவேக வில்லின் மறுபக்கம்

வேகம் சும்மா வருவதில்லை. கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைத்தால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் கூடும், வேகம் வரும். ஏழு அங்குல இடைவெளி உள்ள வில்லைவிட ஐந்தரை, ஆறு அங்குல வில்லில் அம்பு நாணைவிட்டுப் பிரிய நேரம் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் கை கொஞ்சம் திருகினாலும் அம்பு திசை மாறும். கப்பியின் வடிவமும் மாறும். வேகக் கப்பி இழுக்கத் தொடங்கியதுமே முழுப் பாரத்தையும் கையில் ஏற்றி, கடைசிவரை இறக்காமல் வைத்திருந்து, முடிவில் திடீரென விடும். முழு இழுவையில் ஒரு விரற்கடை தளர்ந்தாலும் நாண் முன்னே பறிக்கும்.

மைதானத்தில் இதெல்லாம் பழகிவிடும். நவம்பர் மாத விஸ்கான்சின் காலைநேரம் வேறு. மூன்று அடுக்கு உடுப்பு, இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்து விறைத்த தோள், உறைநிலைக்குக் கீழே வெப்பம். மான் வந்துவிட்டது, நாணை இழுத்தாயிற்று, மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டது. ஒரு நிமிடமோ, ஒன்றரை நிமிடமோ. அங்கே வில்லைத் தளராமல் பிடித்துவைத்திருக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

வேகம் நிஜமாகவே வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வயோமிங்கின் திறந்த புல்வெளியில் மான் போன்ற பிராங்ஹார்ன் வேட்டைக்குப் போகிறவருக்கு ஒளிய மரம் கிடையாது. விலங்கின் பார்வையோ அபாரம். நாற்பது, ஐம்பது கெஜம் அங்கே சகஜம். மேற்கு மலைகளில் எல்க் தேடி நடக்கிறவர் சரிவில் நின்று எய்யும்போது தூரம் அளக்க நேரம் இல்லாமல் போகலாம். குறிக்கருவியில் தூரத்துக்கு ஒன்றாக உள்ள ஊசிகள் வேகமான வில்லில் நெருங்கி நிற்கும், தூரங்களுக்கு இடையே குழப்பம் குறையும். இழுவை நீளம் குறைந்தவர்களுக்கும் வேக வில் உதவும். அவர்கள் இழந்த அடிகளில் கொஞ்சத்தை அது திருப்பித் தருகிறது. இத்தனைக்கும் சேர்த்து, 270-லிருந்து 290 வரை நிஜ வேகம் தருகிற வில் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது.

சட்டமும் வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மான் வேட்டைக்கு விஸ்கான்சின் குறைந்தது 30 பவுண்டு இழுவிசை கேட்கிறது, கொலராடோ 35 கேட்கிறது. முனையின் அகலம், அலகின் கூர்மை பற்றி மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன.

அனுபவமுள்ள கடைக்காரர்கள் வேகமானிக்கு முன்னால் வாடிக்கையாளரை ஒரு முக்காலியில் உட்காரவைப்பது உண்டு. கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கச் சொல்வார்கள். வில்லை நேராக இலக்கை நோக்கி நீட்டியபடியே, ஆகாயத்தைப் பார்த்துத் தூக்காமல், நாணை நிதானமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வில் மேலே எழும்பினாலோ உடம்பு முறுக்கிக்கொண்டாலோ பாரம் அதிகம். பரணில் அந்த அசைவை மான் பார்த்துவிடும். அப்போது திருகாணியைச் சுழற்றிப் பத்து பவுண்டு குறைப்பார்கள். 285 அடியாக இருந்த வேகம் 268-க்கு இறங்கும். இருபது கெஜத்தில் அம்பு முன்பைவிட ஓர் அங்குலம் கீழே தைக்கும். ஊசியை அதற்கேற்ப இறக்கி வைத்துவிட்டு அடுத்த அம்பை எய்யலாம்.